போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்க

எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும், வாசல்வரை வந்து "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகிறவரிடமும் சொல்வார்கள், சிங்கப்பூருக்குப் போகிறவரிடமும் சொல்வார்கள். போன் வராவிட்டால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். முதியோர் கல்வி வகுப்பில் மாதக்கணக்கில் நம்மோடு உட்கார்ந்து படித்தவர்களிடம் மட்டும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து, கேசரியும் காராபூந்தியும் கொடுத்து அனுப்பிவைக்கிறோம். அதற்கப்புறம் அவர் வங்கியில் தன் கையால் சலான் எழுதினாரா, தைத்த ரவிக்கைக்குக் காசு வந்ததா, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போனாரா என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை.

தெரிய வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் நாம் தேடிப்போய்த் துருவித் துருவிக் கேட்டு வாங்குவதாக இல்லாமல், படித்தவர்களே விரும்பிச் சொல்லும்படி இருக்க வேண்டும். நல்லது நடந்தால் மட்டும் இல்லை, ஒன்றுமே நடக்காவிட்டாலும் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வயது வந்தோருக்கு வகுப்பு எடுக்கிறேன். சாயங்காலம் எழுத்தும் கணக்கும், பகலில் தையல், ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டாம் வகுப்பையோ பத்தாம் வகுப்பையோ தனித்தேர்வராக எழுத நினைப்பவர்களுக்குப் பாடம். புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை செய்கிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளில் கல் அடுக்குகிறவர்கள், பெரிய வீடுகளில் பாத்திரம் துலக்கிக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். செட்டிநாடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தேக்குத் தூண்களும் ஆயிரம் ஜன்னல் வீடும்தான் நினைவுக்கு வரும். கல்விக்கும் பேர்போன ஊர்தான் இது. அழகப்பச் செட்டியார் 1947-இல் இங்கே கல்லூரி தொடங்கினார், 1985 முதல் அவர் பெயரில் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழக வாசலில் நிற்கிற பஸ்ஸின் பலகையை வாசிக்க முடியாமல், "தம்பி, இது எங்க போகுது?" என்று கேட்டு ஏறுகிற பெண்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களின் எழுத்தறிவு 86.77 சதவீதம், பெண்களுடையது 73.44 சதவீதம். ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாது என்று அர்த்தம்.

இவர்களுக்காக அரசுத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரை, நாடு முழுவதற்கும் 1,037.90 கோடி ரூபாய். 15 வயது தாண்டிய யாரும் சேரலாம். முடிவில் ஒரு தேர்வு உண்டு. வாசிப்புக்கு 50, எழுத்துக்கு 50, கணக்குக்கு 50, ஆக மொத்தம் 150 மதிப்பெண். தேர்வன்று பேத்தி கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பெஞ்சில் உட்கார இடம் பார்க்கிற அப்பத்தாக்களைப் பார்த்தால் யாருக்கும் கண் கலங்கும். அந்த நாளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் தேர்வுத்தாள் அன்றைக்கு என்ன தெரியும் என்பதைத்தான் சொல்லும். புழங்காத எழுத்து மறந்துபோகும். அது தெரிந்துதான் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்துக்குப் பிறகு வளர்கல்வி மையங்கள் என்று தனியாக வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து எழுத்து கையில் நிற்கிறதா, அதனால் அவருக்கு என்ன ஆயிற்று என்பதை அவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

அறிவொளி என்றதும் புதுக்கோட்டையைச் சொல்லாமல் போக முடியாது. செட்டிநாட்டு ஊர்களில் ஒரு பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அங்கே எழுத்து வகுப்போடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே பெண்கள் வாங்கி ஓட்டினார்கள். கல் குவாரிகளில் அடிமட்டக் கூலிகளாக இருந்தவர்கள் குழு சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அன்றைக்கு எழுத்தறிவுப் படிவத்தில் "சைக்கிள் ஓட்டுகிறாரா?" என்று யாரும் கட்டம் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காமல் தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டி, பிள்ளையை முன்னால் உட்கார வைத்துப் போக முடிந்தது என்று அந்தப் பெண்கள் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார்கள். அவர்கள் சொன்னதால்தான் முப்பது வருஷம் கழித்தும் நாம் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வகுப்பிலிருந்தே ஒன்று சொல்கிறேன். டைல்ஸ் பட்டறையில் லோடு ஏற்றுகிற ஒருவர் கணக்கு வகுப்புக்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. வகுப்பு முடிந்து ரொம்ப நாள் கழித்து, "படித்ததால் வேலை கிடைத்ததா?" என்ற கட்டம் உள்ள படிவத்தோடு அவரைப் பார்த்தேன். "இல்லை" என்றார். முன்பே பார்த்த வேலைதானே! படிவத்தின் கணக்கில் அவர் விஷயம் அத்தோடு முடிந்தது. அப்புறம் டீ குடிக்கிறபோது அவராகவே பேச்சை எடுத்தார்.

"டீச்சர், எட்டுக்கு எட்டு கல்லுன்னா நூறு சதுரடிக்கு எத்தனை வரும் சொல்லுங்க பாப்போம்."

நான் யோசிப்பதற்குள் அவரே சொன்னார்: "இருநூத்தி இருபத்தஞ்சு. முன்னெல்லாம் மேஸ்திரி சொல்றதுதான் கணக்கு. போன மாசம் ஒரு லோடுல கல்லு கொறையுதுன்னு நான்தான் சொன்னேன். மொதல்ல நம்பல. எண்ணிப் பாத்தாக. கொறைஞ்சுதான் இருந்துச்சு. இப்ப லோடு கெளம்புறதுக்கு முன்னாடி என்னையக் கூப்புட்டுத்தான் எண்ணச் சொல்றாக."

கல்லின் நீள அகலம் 8 அங்குலம், அப்படியென்றால் 64 சதுர அங்குலம். நூறு சதுர அடி என்பது 14,400 சதுர அங்குலம். வகுத்தால் 225. இந்தக் கணக்கை நாங்கள் அவருக்குப் பரப்பளவுப் பாடத்தில் வயலையும் வீட்டையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். அவர் அதைக் கல்லுக்கு மாற்றிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் பரப்பளவுப் பாடம் ஆத்தங்குடிக் கல்லில்தான் தொடங்குகிறது. பின்னால் வந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருந்தால், வயலை வைத்தே இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம்.

இன்னொருவர் பாதியில் நின்றவர். எட்டாம் வகுப்புச் சான்றிதழுக்காக வந்தார். சரக்கு வண்டி ஓட்ட லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்கு எட்டாவது கேட்டார்கள். இரண்டு மாதம் ஒழுங்காக வந்தவர் திடீரென்று காணாமல் போனார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இடைநின்றவர் என்று எழுதியாயிற்று. பிறகு தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு மினி லாரியை நிறுத்தி, இறங்கி வந்து வணக்கம் வைத்தார். "படிச்சிருக்கணும்னு விதி இல்லைன்னு சொல்லிட்டாக டீச்சர், அதான் லைசென்ஸ் எடுத்துட்டேன்" என்றார். சரிதான். சரக்கு, பயணி வண்டிகள் ஓட்டுகிறவர்களுக்கு எட்டாம் வகுப்பு கட்டாயம் என்று மோட்டார் வாகன விதியில் இருந்ததை 2019-இல் எடுத்துவிட்டார்கள். அவர் தோற்று ஓடியவர் இல்லை, வந்த காரியம் முடிந்து போனவர். ஓடிப்போனவர் என்று நாம் எழுதி வைத்த ஆள் சொந்த வண்டிக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். "இப்ப டெலிவரி சீட்டு வாசிக்கத்தான் கஷ்டமா இருக்கு, எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு" என்றும் சொன்னார். அதற்காக வாரம் ஒரு நாள் இரவில் வரச் சொன்னோம். கூடவே இன்னும் சில டிரைவர்கள் வந்தார்கள். முகவரியும் எடையும் பொருள் பெயரும் வாசிக்கிற அந்தச் சின்ன வகுப்பு இப்படித்தான் வந்தது.

பாதியில் நின்றவர்களைக் கேட்பது ஏன் முக்கியம் என்று அமெரிக்காவின் நடைமுறையைப் படித்தபோது இன்னும் தெளிவானது. அங்கே 2014-இல் வந்த தொழிலாளர் புத்தாக்க, வாய்ப்புச் சட்டத்தின்படி (Workforce Innovation and Opportunity Act), அரசுப் பணத்தில் நடக்கும் வயது வந்தோர் கல்வி மையங்கள் தங்களிடம் படித்தவர் வெளியே போன பிறகு இரண்டாவது காலாண்டில் வேலையில் இருக்கிறாரா, நான்காவது காலாண்டிலும் இருக்கிறாரா என்று கணக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாவது காலாண்டுச் சம்பளத்தையும் பார்ப்பார்கள். தொடர்ந்து 90 நாள் எந்தச் சேவையும் பெறாமல் இருந்தால் அவர் வெளியேறியவர். முடித்துவிட்டுப் போனாரா, பாதியில் போனாரா என்ற பேதம் இந்தக் கணக்கில் கிடையாது. அங்கே முதலாளிகள் காலாண்டுக்கு ஒருமுறை ஆளுக்கு இவ்வளவு சம்பளம் என்று மாநில அரசுக்குத் தெரிவிக்கிறார்கள். படித்தவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணை அதோடு பொருத்திப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். எண் கொடுக்காதவர்களைத்தான் போன் போட்டோ கடிதம் எழுதியோ கேட்க வேண்டும்.

நம் ஊரில் அப்படிப் பொருத்திப் பார்க்க என்ன இருக்கிறது? வீட்டில் உட்கார்ந்து ரவிக்கை தைக்கிறவருக்கு பி.எஃப். கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. சித்தாளுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு. கிராமத்து இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி தருகிற சில திட்டங்களில் சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் சான்றாகக் கேட்கிறார்கள். கம்பெனி வேலைக்குப் போனவர்களுக்கு அது சரி. எங்கள் பெண்களுக்கு அவர்கள் வாய்ச்சொல்தான் சான்று. அதனால் அந்தச் சொல்லைச் சொல்ல வைப்பது அமெரிக்காவை விட நமக்குத்தான் அவசியம்.

சரி, ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்?

முதல் காரணம் போன். தெரியாத நம்பர் என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் எடுக்கவே மாட்டார்கள். குழுக் கடன், நுண்கடன் என்று வாராவாரம் தவணை கட்டுகிற வீடுகளில் போன் மணி அடித்தாலே வயிற்றைக் கலக்கும். தையல் முடித்துப் போன ஓர் அக்காவை மையத்தின் புது எண்ணிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தார், ஆனால் பேசவில்லை.

"ஹலோ, அக்கா..."

"யாரு, லோனா? அவுக இல்ல, வெளிய போயிருக்காக."

"அக்கா, நான் தையல் கிளாஸ் டீச்சர்."

"அய்யய்யோ, டீச்சரா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

பிறகு சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். பிள்ளைகள் படிப்பு, மழை, முழங்கால் வலி எல்லாம் பேசினார். தையலைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நானே கேட்டேன்.

"மிசின் இல்லையே டீச்சர். என்னத்தைத் தைக்க? நல்ல சேதின்னா நானே வந்து சொல்லியிருப்பேன்ல. ஒண்ணுமில்லாததை எப்புடிச் சொல்ல?"

செய்தி வராததற்கு முக்கியமான காரணம் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. படித்தவர்கள் நம்மைக் கண்டு கூசுகிறார்கள். டீச்சர் இவ்வளவு மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்தார்களே, நாம் ஒன்றும் ஆகாமல் இருக்கிறோமே என்று நினைத்து, சந்தையில் நம்மைக் கண்டால் வேறு பக்கமாகப் போய்விடுகிறார்கள். ஜெயித்தவர்கள் மட்டும் வந்து சொல்கிறார்கள். அதை மட்டும் தொகுத்து அறிக்கை எழுதினால் எல்லாமே அருமையாக நடப்பதுபோல் இருக்கும், எதையும் மாற்றத் தோன்றாது.

அந்த அக்கா கணவரை இழந்தவர். கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்குச் சமூக நலத்துறை இலவசமாகத் தையல் இயந்திரம் தருகிறது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக உள்ள திட்டம் அது. அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எங்கள் தையல் சான்றிதழ், வருமானச் சான்று எல்லாம் சேர்த்து விண்ணப்பம் போட வைத்தோம். அலைச்சல் இருந்தது. தாலுகா ஆபீஸுக்கும் இ-சேவை மையத்துக்கும் நடையாய் நடந்தார். இப்போது மிசின் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. அதற்குப் பிறகு தையல் சேருகிறவர்களிடம் "வீட்டில் மிசின் இருக்கிறதா, வாங்க வழி இருக்கிறதா" என்று முதல் வாரமே கேட்கிறோம். இல்லை என்றால் எந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம், எந்தக் குழுவில் சேரலாம் என்று வகுப்பு நடக்கும்போதே பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ஒன்றுமில்லை என்ற செய்தியால் வந்த மாற்றம் இது. எந்த நல்ல செய்தியும் எங்களுக்கு இவ்வளவு உதவியதில்லை.

இரண்டாவது காரணம் பயம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியது, மாதம் ஆயிரம் ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. அதனால், "மாசம் எவ்வளவு வருது?" என்று கேட்டால், "ஒண்ணும் வரல" என்றுதான் பதில் வரும். மாதம் நாலாயிரம் தைத்துச் சம்பாதிக்கிறவருக்கு வருஷத்துக்கு 48 ஆயிரம்தான் ஆகிறது, இரண்டரை லட்சம் எங்கேயோ இருக்கிறது என்று உட்கார்ந்து கூட்டிக் காட்டினால் முகம் தெளியும். ஆனாலும் எல்லோருக்கும் தெளியாது. பயப்படுவதில் நியாயமும் உண்டு. ஏழை வீட்டில் ஆயிரம் ரூபாய் என்பது அரிசி, மருந்து, கேஸ். எங்கேயோ எழுதிய ஒரு எண்ணால் அது நின்றுபோகுமோ என்று அவர்கள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

என் கருத்து, சம்பளத் தொகையைக் கேட்கவே வேண்டாம் என்பது. முன்னைவிடக் கூடியிருக்கிறதா, அப்படியேதானா, குறைந்திருக்கிறதா என்று கேட்டால் போதும். நம் வேலைக்கு அதற்குமேல் தேவையில்லை. சொல்வது எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்பதையும் அவர்களுக்குப் புரிகிற பேச்சில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2023-இல் சட்டமே வந்திருக்கிறது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் கேட்டு வாங்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஒருவரிடம் ஒரு பக்கம் நிறையப் பொடி எழுத்தில் அச்சடித்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் அதற்குப் பேர் சம்மதம் இல்லை.

மூன்றாவது, வீட்டு ஆண்கள். எண் கணவருடையதாக இருக்கும். "எதுக்குக் கேக்குறீங்க?" என்று அதட்டுவார். அவருக்கும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். வகுப்பு தொடங்கும்போது வீட்டிலிருந்து ஒருவரை வரச் சொல்லி, முடிந்த பிறகும் இந்த டீச்சர் கூப்பிடுவார் என்று சொல்லி வைத்தால் இந்தச் சிக்கல் பாதி குறைந்துவிடுகிறது.

இதெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்ட விஷயம், கேட்க வேண்டியது வகுப்பு முடிந்த பிறகு இல்லை என்பது. சேருகிற அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்: "நீங்க முடிச்சுட்டுப் போன பிறகு ரெண்டு தடவை கூப்பிடுவோம். அஞ்சு நிமிஷம் பேசுவோம். நல்லதோ கெட்டதோ சொல்லணும்." அவர்களே ஒருவரிடம் ஒருவர் கேட்டுப் பழக வேண்டும். எங்கள் வகுப்பில் முன்பு படித்துப் போன யாராவது மாதத்தில் ஒரு நாள் வந்து பேசுவார்கள். ஒன்றும் ஆகாதவர்களையும் கூப்பிடுகிறோம். திருப்பூருக்குப் போய் மூன்று வாரத்தில் திரும்பிவந்த ஒரு பெண், "நாம இங்க மிதிக்கிற மிசின் வேற, அங்க பவர் மிசின் வேற. காலை வச்சா ஓடிருது. பயந்துட்டேன்" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் எழுந்து நின்று சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். கம்பெனியில் ஹாஸ்டல் எப்படி, ஓவர்லாக் என்றால் என்ன, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பீஸ் கேட்பார்கள் என்று. நான் நாள் முழுக்கச் சொல்லியிருந்தாலும் அவள் சொன்ன அளவுக்கு ஏறியிருக்காது. சொன்னால் மரியாதை குறையாது, கூடத்தான் செய்யும் என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்கள். பவர் மிசின் ஒன்று வேண்டும் என்று நாங்கள் கேட்டதும் அவள் சொன்னதை வைத்துத்தான்.

எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் சிம் போய்விடும். அதனால் ஒரு எண் போதாது. தன்னுடையது ஒன்று, ஊரை விட்டு நகராத ஒருவருடையது ஒன்று என்று வாங்கி வைக்க வேண்டும். அக்கா தங்கை, மளிகைக்கடைக்காரர், குழுத் தலைவி என்று யாராவது. மையத்து எண்ணை அவர்கள் போனில் சேமித்துவைப்பதையே ஒரு பாடமாக வைக்கலாம், எழுத்துப் பயிற்சியும் ஆகும். கூப்பிடுகிறவர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆளாகவே இருக்க வேண்டும். குரல் தெரிந்தால்தான் மனசு திறக்கும். பகலில் கூப்பிடக்கூடாது, வேலையில் இருப்பார்கள். ராத்திரி சமையல் முடிந்து எட்டு மணிக்கு மேல்தான் சரி. வெளியூர் போனவர்களைப் பொங்கலிலும், காரைக்குடி முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழாவிலும் பிடித்துவிடலாம். பால்குடம் எடுக்க, முளைப்பாரி பார்க்க எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். போனில் பத்து வார்த்தை பேசாதவர்கள் கோவில் வாசலில் பத்து நிமிஷம் நின்று பேசுவார்கள்.

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொன்னால் இளவட்டங்கள் அனுப்புகிறார்கள். வயதானவர்களுக்கு நான் நம்புவது அஞ்சலட்டையைத்தான். விலை 50 பைசா. மையத்து முகவரியை எழுதி, ஆளுக்கு இரண்டு அட்டை சான்றிதழோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். எல்லோரும் எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள் எழுதுவதை அலமாரியில் வைத்துப் பூட்டத் தோன்றும். புதுவயலிலிருந்து ஒரு அட்டை வந்தது. வரி மேலேயும் கீழேயும் ஏறி இறங்கி, புள்ளி சில இடத்தில் இல்லாமல், "டீச்சருக்கு வணக்கம். நான் நல்லா இருக்கேன். மில்லில் கையெழுத்து போடுறேன். கை நாட்டு இல்லை. ஓவர்டைம் நோட்டில் நானே எழுதி வைக்கிறேன். போன வாரம் ரெண்டு மணி நேரம் விட்டுப் போச்சு. நோட்டைக் காமிச்சு வாங்கினேன்" என்று எழுதியிருந்தார். 150 மதிப்பெண் தேர்வு இதைவிட என்ன சொல்லிவிடும்? எழுத்து நிற்கிறது, எதற்குப் பயன்படுகிறது, எவ்வளவு காசைக் காப்பாற்றியது என்று மூன்றும் ஒரே அட்டையில் இருக்கிறது.

செட்டிநாட்டுக்கு இது புதுப்பழக்கம் இல்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்கப் போன ஆட்கள் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள். போன இடத்திலிருந்து முதலாளிக்குக் கணக்கும் வீட்டுக்குக் கடுதாசியும் வந்துகொண்டே இருக்கும். லாபம் என்றாலும் எழுத வேண்டும், நட்டம் என்றாலும் எழுத வேண்டும். அந்தப் பெரிய வீடுகளின் கணக்கு அப்படி எழுதி எழுதித்தான் நின்றது. இன்று எங்களிடம் படிக்கிறவர்கள் அந்த வீடுகளின் வாரிசுகள் இல்லை, அங்கே வேலை செய்தவர்களின் பேத்திமார்கள். அவர்கள் கணக்கையும் எழுதிவைக்க ஒரு ஏடு வேண்டும்.

சொன்னவர்களுக்குத் திருப்பி ஒன்று கிடைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பரிசுப்பொருள் இல்லை. நீங்கள் சொன்னதால் இது மாறியது என்ற செய்திதான். ஆத்தங்குடிக் கல்லில் பாடம் தொடங்கிய அன்று அந்த லோடுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம். கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார், ஆனால் அதற்குப் பிறகு பட்டறையில் யாரெல்லாம் கணக்கு தெரியாமல் இருக்கிறார்கள் என்று அவரே ஆள் அனுப்புகிறார். செய்தி ஒரு பக்கமாக மட்டும் போனால் சீக்கிரம் வற்றிவிடும். எத்தனையோ பேர் வந்து படிவம் நிரப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அதனால் என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து ஒருவரும் சொன்னதில்லை என்பது இந்த மக்களின் நெடுநாள் குறை.

இதற்கெல்லாம் காசு வேண்டும், நேரமும் வேண்டும். ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி முடிந்த பிறகும் இரண்டு வருஷம் தொடர்பில் இருந்து கைதூக்கிவிட வேண்டும் என்பது நடைமுறை. 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய நிலையத்தைப் பார்த்து, மாவட்டத்துக்கு ஒன்றாக வங்கிகள் நடத்துகிறவை அவை. சுயதொழில் பயிற்சிக்கு இரண்டு வருஷம் என்றால் எழுத்து வகுப்புக்கு ஒரு வருஷமாவது வேண்டாமா? எழுத்து வகுப்புகளில் பாதிக்குமேல் தன்னார்வலர்கள்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடைசி வகுப்போடு அவர்களின் தொடர்பு முடிந்துவிடுகிறது. படித்தவரைத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அவரைக் கழற்றிவிட்டு யாரோ ஒருவரைக் கணக்கெடுக்க அனுப்பினால் எப்படிச் சொல்வார்கள்?

அதனால் எங்கள் மையத்தை நடத்துகிறவர்களிடம் எழுதியே கொடுத்திருக்கிறோம். வகுப்பு முடிந்து ஆறாவது மாதம் ஒரு வாரம், பன்னிரண்டாவது மாதம் ஒரு வாரம், சொல்லிக்கொடுத்தவருக்கே அந்த வேலைக்கான படி, போன் ரீசார்ஜ், பஸ் காசு, ஆளுக்கு இரண்டு அஞ்சலட்டை. பாதியில் நின்றவர்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். படிவத்தில் கேள்வி நாலு போதும்: இப்போது என்ன செய்கிறீர்கள், படித்ததில் எது கைகொடுத்தது, எது இல்லாமல் கஷ்டப்படுகிறீர்கள், பின்னால் வருகிறவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும். நாலாவதைக் கேட்கும்போது குரலை இறக்கிப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்து யோசித்துச் சொல்கிறார்கள். அடுத்த வருஷச் செலவுத் திட்டம் போடும்போது இதைச் சேர்ப்பது பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள், உங்கள் ஊரில் இப்படி ஒரு வகுப்பு நடந்தால், அதில் படித்துப் போனவர் உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், அவருடைய டீச்சரின் எண்ணை வாங்கி அவரிடம் கொடுங்கள்.